காசு கொடுத்து வாங்கிய பூஞ்சணம்

"காசு குடுத்துப் பூஞ்சணம் வாங்கிக்கொண்டு வந்தனியோ?" பொதியைப் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி. கோப்பாயில் தோட்டத்துக்குள் வளர்ந்தவர். பூஞ்சணம் என்றால் அவருக்கு வெங்காயத்தை அழுகவைக்கிற சாமான்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் இருபது சாடிகள் இருக்கின்றன. "செடி சும்மா பொங்கும்" என்று ஒரு கடைக்காரர் தந்த மைக்கொரைசாப் பொடியை, அதாவது செடியின் வேரோடு கூட்டாக வாழும் பங்கசு (பூஞ்சணம்) உள்ள பொடியை, போன வருடம் எல்லாச் சாடியிலும் மேலாகத் தூவித் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் பொங்கவில்லை.

பிழை என்னுடையதுதான். இந்தப் பங்கசு உயிருள்ள வேரைத் தொட்டால்தான் வாழும். வேருக்குள் புகுந்து, கலங்களுக்குள் குட்டி மரம்போலக் கிளைவிடும். செடி அதற்குச் சீனி கொடுக்கும், அது செடிக்குப் பொசுபரசு கொண்டுவந்து கொடுக்கும். என் சாடிகளில் பாதி முள்ளங்கியும் தண்டுக்கீரையும். அவை பெரும்பாலும் இந்தக் கூட்டே வேண்டாம் என்கிற குடும்பங்கள், கோவாவும் (முட்டைக்கோசு) அப்படித்தான். போதாததற்கு ரி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரத்தையும் கைநிறையப் போட்டிருந்தேன். பொசுபரசு சும்மா கிடைக்கும்போது செடி எதற்குப் பங்கசுக்குச் சோறு போடும்?

கொழும்புப் பக்கத்துச் செம்மண்ணில் இந்தக் கூட்டு இன்னும் முக்கியம். புளிப்பு மண், இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்மயிரைவிட மெல்லிய பங்கசு இழைகள், வேர் எட்டாத இடுக்கெல்லாம் போய் அதை எடுத்து வரும். 1885இல் இந்தக் கூட்டுக்கு மைக்கொரைசா என்று பெயர் வைத்த ஜெர்மன்காரர் ஃபிராங்க், உண்மையில் பிரஷ்ய அரசுக்காக விலையுயர்ந்த டிரஃபிள் காளானை வளர்க்க வழி தேடிக்கொண்டிருந்தவர். காளான் தேடப்போய் வேரில் வந்து நின்றார்.

இந்த முறை எம்.ஐ. 2 இன மிளகாய்க் கன்றுகள் எட்டு. நாலுக்கு மட்டும், நடும் குழியில் வேருக்குக் கீழே ஒரு தேக்கரண்டிப் பொடி. எட்டுக்கும் ரி.எஸ்.பி. இல்லை, கூட்டெரு மட்டும். ஒரு மாதம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்புறம் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனோம். தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போன பொடியன் மறந்துவிட்டான். மூன்றாம் நாள் வந்து பார்த்தால், பொடி போடாத நாலும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. போட்டவற்றில் மூன்று நிமிர்ந்து நின்றன. நாலு சாடியை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது. அந்த மூன்றில் ஒன்று தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மிளகாய் காய்த்து ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கவில்லை. அடியோடு வெட்டிவிட்டு, பழைய வேர் கிடந்த மண்ணிலேயே பயிற்றை விதை போட்டேன்; வேரில் இருக்கும் பங்கசு புது வேரையும் பிடித்துக்கொள்ளும். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட வளவிலயும் கொத்தாமல் விட்ட மூலையிலதான் நல்லாய்க் காய்க்கும்" என்றார். சரி, பாதி வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மிச்சப் பொடியை வெயில் படாமல் வைக்க வேண்டும் என்று குசினி அலுமாரியில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது மட்டும் சரிவரவில்லை. இப்போது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.