பறை பழகுறேன்: கையில என்ன வந்துச்சு, மனசுல என்ன நடந்துச்சு

பறை கிளாஸ்ல சேர்ந்து ஒரு வருஷம் நெருங்குது. அடிப்படை அடியெல்லாம் கைக்கு வந்துடுச்சு, நின்ன இடத்துல அடிக்கிறதுல பிரச்சனை இல்ல, ஆட்டத்தோட சேத்து அடிக்கிறதுதான் இப்ப போயிட்டு இருக்கு. இதுவரைக்கும் பழகினதயும், இந்த வாத்தியம் மனசுக்குள்ள என்ன பண்ணுதுன்னு நான் பாத்ததயும் எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இசை மனச தொடும்னு எல்லாரும் சொல்றோம், ஆனா அது எப்படி தொடுதுங்கிறது ரெண்டு குச்சிய கையில பிடிச்ச பிறகுதான் எனக்கு கொஞ்சம் கொஞ்சமா புரிஞ்சுது.

வாத்தியம் பாக்க ரொம்ப எளிமை. ஒரே அளவுல மூணு மரத்துண்டு, அத வட்டமா சேத்து இரும்புத் தகடு வச்சு பிடிச்சிருப்பாங்க, அதுக்கு மேல மாட்டுத்தோல், ஒட்டுறதுக்கு புளியங்கொட்டை பசை. குறுக்களவு 35 சென்டிமீட்டர் பக்கம் வரும். தோள்ல வார் போட்டு மாட்டி, உடம்போட அணைச்சு பிடிச்சுக்கணும். இடது கைல மெலிசா நீளமா மூங்கில் சிம்புக்குச்சி, வலது கைல குட்டையா தடியா அடிக்குச்சி. அடிக்குச்சி வயித்துல இடிக்கிற மாதிரி கனமான சத்தம் தரும், சிம்பு சுளீர்னு மேல ஏறும். இந்த ரெண்டும் மாறி மாறி பேசிக்கிறதுதான் எல்லா அடியும்.

அடிக்கிறதுக்கு முன்னாடி தீ காட்டணும். வைக்கோல் போட்டு கொளுத்தி எல்லாரும் சுத்தி நின்னு, தோல தீக்கு நேரா காட்டி திருப்பி திருப்பி, நடுவுல விரலால தட்டி பாத்துக்கிட்டே இருப்போம். ஈரம் இருக்கிற தோல் தொப்பு தொப்புனு இருக்கும், ஈரம் போக போக இறுகி சத்தம் மேல ஏறி ஒரு கட்டத்துல கணீர்னு நிக்கும். அந்த கணீர் வர்ற நொடியில சுத்தி நிக்கிற அத்தனை பேரு முகமும் மாறுறத நான் ஒவ்வொரு தடவையும் பாக்குறேன், இன்னும் ஒரு அடி கூட அடிக்கல, ஆனா கால் தானா தரைய தட்ட ஆரம்பிச்சிருக்கும். இப்ப ஃபைபர் தோல் போட்ட பறை நிறைய வந்துடுச்சு, மழைக்காலத்துல பழக அது வசதி, தீ காட்ட தேவையில்ல, கிளாஸ்ல நானும் அதுலதான் ஆரம்பிச்சேன். ஆனாலும் எனக்கு மாட்டுத்தோல்தான் பிடிச்சிருக்கு. அடிக்க அடிக்க தோல் தளர்ந்து சத்தம் இறங்கும், அப்ப நிறுத்திட்டு திரும்ப தீ காட்ட போகணும், அடிக்கிறவங்களுக்கும் கேக்குறவங்களுக்கும் அந்த இடைவெளி வேணும், மனசு அவ்வளவு உச்சத்துல ரொம்ப நேரம் நிக்க முடியாது.

முதல் சில வாரம் முழுக்க ஒரே அடிதான். "டன் டகு டன் டகு"ன்னு ஆசான் வாயால சொல்வாரு, நாங்களும் வாயால சொல்லிட்டு அப்புறம்தான் குச்சிய தொடணும். வாயில நிக்காத அடி கையில நிக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, அது முழு உண்மை. வீட்ல தலகாணி மேல பிராக்டிஸ் பண்ணேன். வலது கை சீக்கிரம் பழகிடுச்சு, சிம்புதான் கஷ்டம், மணிக்கட்டு இறுகினா சத்தம் செத்துப்போகும், "ஏம்மா, குச்சிய நெரிக்காத, சும்மா பிடி"ன்னு ஆசான் எத்தனை தடவ சொல்லியிருப்பாருன்னு கணக்கே இல்ல. ஒருநாள் ஆபீஸ்ல நடந்த ஒரு விஷயத்தால ரொம்ப நொந்து போயி கிளாஸுக்கு போனேன், யார் கூடவும் பேசல, வரிசையில நின்னு எல்லாரோடயும் சேந்து அதே ஒரே அடிய அடிச்சேன், கொஞ்ச நேரத்துல என் மூச்சு அந்த அடியோட போறது தெரிஞ்சுது, பக்கத்துல நிக்கிற அக்காவோட மூச்சும் அதே மாதிரி போகுது. வெளிய வரும்போது பிரச்சனை அப்படியேதான் இருந்துச்சு, ஆனா நெஞ்சுல இருந்த பாரம் இறங்கியிருந்துச்சு. சோகமா இருக்கும்போது ஹெட்செட் மாட்டி பாட்டு கேக்குறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டுல ராபின் டன்பாரும் அவர் கூட இருந்தவங்களும் 2012-ல வெளியிட்ட ஆய்வு ஒன்னு இருக்கு, பாடுறவங்க ஆடுறவங்க டிரம் அடிக்கிறவங்களுக்கு அதுக்கப்புறம் வலி தாங்குற சக்தி கூடுது, சும்மா உக்காந்து கேக்குறவங்களுக்கு அப்படி கூடலன்னு பாத்திருக்காங்க, உடம்புல சுரக்கிற எண்டார்ஃபின்தான் காரணம்னு சொல்றாங்க. அத படிச்சப்ப எனக்கு அந்த சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு.

அடுத்து சாவுக்கு அடிக்கிற அடி. மாரடிப்பு அடிய ஆசான் சொல்லிக் கொடுக்கும்போது கிளாஸே அமைதியாயிடுச்சு. மெதுவா, ரெண்டு அடிக்கு நடுவுல நிறைய இடம் விட்டு போகும், கைய சும்மா வச்சுக்கிட்டு அடுத்த அடிக்கு காத்திருக்கிறதுதான் அதுல கஷ்டமே. ஒப்பாரி வைக்கிற பொம்பளைங்க கை மார்ல விழுற நேரமும் அடி விழுற நேரமும் ஒன்னா இருக்கணும், அவங்க பாட்டுல இழுத்தா நாமளும் நிக்கணும், அவங்க வேகம் எடுத்தா நாமளும் எடுக்கணும்னு சொன்னாரு. துக்கத்துல இருக்கிறவங்களுக்கு அடுத்த நிமிஷம் என்ன பண்றதுன்னே தெரியாது, அழக்கூட தெரியாம உறைஞ்சு போயி உக்காந்திருப்பாங்க, இந்த அடி அவங்களுக்கு அடுத்த மூச்ச எடுத்துக் கொடுக்குதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இதுல ஆச்சரியம் என்னன்னா கல்யாணத்துக்கு அடிக்கிறதும் இதே தோல், இதே குச்சிதான். புறநானூறு 194-ல பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்ல சாப்பறை ஒலிக்குது இன்னொரு வீட்ல மணமுழவு முழங்குதுன்னு பாடியிருக்காரு, ரெண்டாயிரம் வருஷம் ஆனாலும் எங்க தெருவுல அதே நிலைமைதான்.

எங்க அம்மாவுக்கு ஆரம்பத்துல சுத்தமா பிடிக்கல. "ஏன்டி, ஊரு உலகத்துல கத்துக்க வேற ஒன்னுமே கெடைக்கலயா, சாவுமேளத்த போயி வீட்டுக்குள்ள கொண்டு வர்ற"ன்னு ஒரே சண்டை. அந்த பேச்சுக்குள்ள சாதி இருக்குன்னு எனக்கு தெரியும், அதயும் அவங்ககிட்ட வாய் விட்டே சொன்னேன். இந்த வாத்தியத்த தலைமுறை தலைமுறையா காப்பாத்தினவங்கள தீண்டாமையில வச்சுட்டு, நம்ம வீட்டு துக்கத்துக்கு மட்டும் வந்து அடிங்கன்னு கட்டாயப்படுத்தின ஊர் இது. இனிமே அடிமை வேலையா அடிக்க மாட்டோம்னு பல ஊர்கள்ல அவங்க பறைய கீழ வச்சது நியாயமான கோபம். இன்னிக்கு அதே பறைய விடுதலைக்கான வாத்தியமா மேடையில ஏத்தி எங்கள மாதிரி யார் வந்தாலும் சொல்லிக் கொடுக்கிறாங்கன்னா, பழகுறவங்களுக்கு அந்த மரியாதை கடைசி வரைக்கும் இருக்கணும். 2025-ல பறை கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சத அம்மா டிவில பாத்துட்டு ஒன்னும் பேசல, ஆனா அன்னிக்கு ராத்திரி "எங்க, கொஞ்சம் அடிச்சு காட்டு"ன்னு கேட்டாங்க.

பங்குனில ஒரு மாரியம்மன் கோயில் பண்டிகைக்கு ஆசான் குழுவோட போயிருந்தேன், நான் அடிக்கல, பின்னாடி நின்னு பாத்தேன். மருள் அடி ஆரம்பிச்சதும் ஒரு பாட்டிம்மாவுக்கு அருள் வந்துடுச்சு. ஆசான் அவங்க கால மட்டுமே பாத்துக்கிட்டு இருந்தாரு. கால் வேகம் எடுத்தா அடி வேகம் எடுக்குது, அடி வேகம் எடுத்ததும் கால் இன்னும் வேகமாகுது, யாரு யார இழுத்துட்டு போறாங்கன்னே சொல்ல முடியல. ரொம்ப நேரம் கழிச்சு சிம்ப மட்டும் முதல்ல குறைச்சாரு, அப்புறம் அடிக்குச்சிய தளர்த்தினாரு, பாட்டி மெதுவா மெதுவா நடைக்கு வந்து விபூதி வாங்கிட்டு போயி உக்காந்து தண்ணி கேட்டாங்க. சட்டுனு நிறுத்தினா என்ன ஆகும்னு கேட்டேன். "படிக்கட்டுல ஏத்தி விட்டவன்தாம்மா இறக்கியும் விடணும்"னாரு. என்னைக் கேட்டா இசையோட வேலையில பாதி அந்த இறக்கி விடுறதுலதான் இருக்கு, ஏத்தி விடுற பாட்டு ஆயிரம் இருக்கு, பத்திரமா கொண்டு வந்து தரையில விடுறதுக்கு கூட நிக்கிற ஒரு மனுசன் வேணும்.

இப்ப அடவு பழகுறோம். குனிஞ்சு நிமிந்து சுத்தி வரும்போது சிம்பு விட்டுப் போகாம இருக்கணும், திரும்புற நேரத்துல இடது கை இன்னும் ஒரு நூல் தாமதமாகுது, அதனால தினமும் மொட்டை மாடில பறை இல்லாம காலுக்கும் வாய்க்கும் மட்டும் பயிற்சி நடக்குது. அடுத்த பண்டிகைக்கு வரிசையில கடைசி ஆளா நிக்கலாம்னு ஆசான் சொல்லியிருக்காரு, அம்மாவும் வர்றேன்னு சொல்லிட்டாங்க.