ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஒரு சிவப்பு நாற்காலி

லண்டனுக்குப் போனால் எல்லாரும் பார்க்கிற மணிக்கூண்டு, பாலம், அரண்மனை வாசல் எல்லாவற்றையும் முதல் மூன்று நாளில் பார்த்து முடித்துவிட்டேன். நாலாவது நாள் வியாழக்கிழமை. நான் உண்மையில் காத்திருந்தது அந்த வியாழனுக்குத்தான், ஆனால் அதை வெளியில் சொல்லக் கொஞ்சம் வெட்கம். டிவியில் வருகிற ஓர் அரட்டை நிகழ்ச்சி எங்கே படமாகிறது என்று பார்க்க ஒரு மனுஷன் கடல் கடந்து போவானா? போனேன்.

நிகழ்ச்சி 'தி கிரஹாம் நார்ட்டன் ஷோ'. பிபிசியில் வெள்ளி இரவு வரும், படப்பிடிப்பு முந்தின நாள் வியாழக்கிழமை சாயங்காலம். பார்வையாளர் டிக்கெட் இலவசம், இணையத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. லண்டனில் இந்த இலவச டிக்கெட்டுகளை இருக்கைக்கு மேல் கூடுதலாகவே கொடுப்பது வழக்கம், டிக்கெட் இருந்தாலும் வரிசையில் பிந்தினால் வெளியே நிற்கவேண்டியதுதான். டிக்கெட்டோடு வெளியே நிற்பவன் அங்கே உண்டு என்றால் டிக்கெட் இல்லாமல் நிற்பதில் என்ன கேவலம் என்று கிளம்பிவிட்டேன்.

நான் தங்கியிருந்தது ஈஸ்ட் ஹாமில், நண்பன் வாடகைக்கு இருக்கும் வீட்டில். கீழே வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர், ஐயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். எங்கே போகிறாய் என்று கேட்டார், சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நான் இஞ்ச வந்த காலத்திலை டிவியிலை நாலே நாலு சேனல்தான். திங்கள், புதன், வெள்ளி எண்டு கிழமையிலை மூண்டு நாள், பின்னேரம் ஏழு மணிக்கு வோகன் வரும். நான் இங்கிலீஷ் பழகினது அந்த மனுசனிட்டைத்தான். ஆறுதலாக் கதைப்பார், எனக்கும் விளங்கும்."

பிபிசியில் அந்தக் காலத்து அரட்டை நிகழ்ச்சி நடத்திய டெர்ரி வோகனிடம் ஆங்கிலம் படித்தவர் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன் என்பது எனக்கு நாலாவது நாள்தான் தெரிகிறது! உடனே திட்டத்தை மாற்றினேன். நேராக நார்ட்டன் வாசலுக்குப் போகாமல், முதலில் வோகன் இருந்த இடம், அப்புறம் மற்றது. நல்லவேளையாக இரண்டுக்கும் நடுவில் கால் மணி நேர நடைதான். ஈஸ்ட் ஹாமில் ஏறினால் ரயில் மாறவே வேண்டாம், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி என்கிற பிங்க் நிற லைன் நகரத்தின் கிழக்கிலிருந்து மேற்கு வரை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய்விடும். வுட் லேன் ஸ்டேஷனைத் தாண்டி அடுத்ததில், ஷெப்பர்ட்ஸ் புஷ் மார்க்கெட்டில் இறங்கினேன். ரயில் பாலத்தை ஒட்டியே ஒரு சந்தை: துணிக்கடை, காய்கறி, பெட்டிப் பெட்டியாக மாம்பழம். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் புல்வெளி ஒன்று வரும், அதன் மேற்குப் பக்கம் பழைய நாடகக் கொட்டகை மாதிரி ஒரு கட்டடம்.

ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர். 1903இல் ஃப்ராங்க் மாட்சம் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. 1953இல் பிபிசி வாங்கி டிவி தியேட்டர் ஆக்கியது, 1991இல் விட்டுவிட்டுப் போனது, இப்போது பாட்டுக் கச்சேரி நடக்கிறது. 1985 பிப்ரவரியிலிருந்து வோகன் வாரம் மூன்று முறை இங்கிருந்துதான் நேரலையில் வந்தார். நேரலை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். 1990இல் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் நன்றாகக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து உளறியதை நாடே அந்த நிமிடத்திலேயே பார்த்தது, வெட்டி எறிய எடிட்டர் இல்லை. அடுத்த வருடம் டேவிட் ஐக் என்ற முன்னாள் விளையாட்டு அறிவிப்பாளர் தன்னைக் கடவுளின் பிள்ளை என்கிற தினுசில் பேச, கூட்டம் சிரிக்க, அவர்கள் உன்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை, உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று வோகன் சொன்ன காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1992இல் அந்த நேரத்தை 'எல்டொராடோ' என்ற புது சீரியலுக்குக் கொடுத்துவிட்டு வோகனை நிறுத்தினார்கள். சீரியல் ஒரு வருடம்தான் தாங்கியது. "அதுக்குப் பிறகு ஏழு மணிக்கு எனக்கு டிவி பார்க்கிற பழக்கமே விட்டுப்போச்சு" என்று ஐயா சொன்னது இதைத்தான்.

எம்பயர் வாசலில் ஒரு காபி வாங்கிக்கொண்டு நின்றேன். அன்று இரவு யாரோ ஓர் இசைக்குழு, இளைஞர்கள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவர்களிடம் போய் இங்கேதான் வோகன் என்று ஆரம்பிக்க ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்த நிகழ்ச்சிகளை வருடக்கணக்காக யூடியூபில் பார்த்ததில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது. யார் என்ன பேசினார்கள் என்பதைவிட யார் எதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். அமெரிக்காவில் இரவு நேர நிகழ்ச்சி என்றால் நடத்துபவர் முன்னால் மேஜை இருக்கும், தாசில்தார் ஆபீஸ் மாதிரி, விருந்தாளி பக்கத்தில் மனு கொடுக்க வந்தவர்போல உட்கார்ந்திருப்பார். மைக்கேல் பார்க்கின்சன் 1971 ஜூன் 19ஆம் தேதி சனிக்கிழமை இரவு பிபிசியில் ஆரம்பித்தபோது அந்த மேஜை கிடையாது. எதிரெதிரே நாற்காலி, அவ்வளவுதான். யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகன், பத்திரிகை நிருபராக இருந்தவர். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர், எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் அதுதான் கஷ்டம். முகமது அலி நாலு முறை அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். முதல் முறை துள்ளிக் குதித்துப் பேசும் மனிதரையும் 1981இல் குரல் தணிந்துபோன மனிதரையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நேர்காணல் என்பதே மறந்துபோய் ஒரு குத்துச்சண்டை வீரன் பத்து வருடத்தில் எப்படித் தேய்கிறான் என்பதுதான் தெரியும்.

ஆனால் அந்த பார்க்கின்சனையே ஊர் ஞாபகம் வைத்திருப்பது ஒரு பொம்மைப் பறவைக்காக. 1976இல் ராட் ஹல் என்பவர் கையில் மாட்டிய ஈமு பொம்மையோடு வந்தார். அந்த ஈமு பார்க்கின்சனைக் கொத்தி, பிடித்து இழுத்து, கடைசியில் நாற்காலியோடு குப்புறத் தள்ளிவிட்டது. அன்றைக்கு உடன் வந்திருந்த நகைச்சுவைக்காரர் பில்லி கனாலி, அந்தப் பறவை என் பக்கம் வந்தால் அதன் கழுத்தையும் உன் கையையும் ஒடிப்பேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனை பெரிய மனிதர்களைப் பேட்டி கண்டும் அந்தப் பாழாய்ப்போன பறவையைத்தான் சொல்கிறார்கள் என்று பார்க்கின்சன் 2023இல் சாகும்வரை புலம்பினார். 1982 வரை ஒரு சுற்று, 1998 முதல் 2007 வரை இன்னொரு சுற்று என்று இத்தனை வருடம் நடத்தியவருக்கு இது அநியாயம்தான். ஆனாலும் சிரிப்பு வருகிறதே, என்ன செய்ய.

சரி, வுட் லேன் என்கிற தெருவில் வடக்கே நடந்தேன். வலதுபுறம் வெஸ்ட்ஃபீல்ட் என்கிற பூதாகரமான வணிக வளாகம், அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, எல்லா ஊரிலும் இருப்பதுதான். அதைத் தாண்டினால் டெலிவிஷன் சென்டர், பிபிசியின் பழைய ஸ்டுடியோக் கட்டடம், நார்ட்டன் ஷோ படமாகிற இடம். சுவரில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் வைத்த அந்தச் செங்கல் முகப்பைப் பார்த்ததும், எத்தனையோ ஆவணப்படத்தில் பார்த்த இடம், ஒரு நிமிஷம் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி இருந்தது. கிரஹாம் டாபர்ன் என்ற கட்டடக் கலைஞர், கொடுத்த நிலத்தில் என்னதான் கட்டுவது என்று புரியாமல் ஒரு பப்பில் உட்கார்ந்து பழைய கவரின் பின்னால் கேள்விக்குறி ஒன்றைப் போட்டாராம், பிறகு அந்தக் கேள்விக்குறியையே கட்டடமாக்கிவிட்டார். நடுவில் வட்டமான முற்றம், அதில் தூண் மேல் கிரேக்கர்களின் சூரியக் கடவுள் ஹீலியோஸின் சிலை. 1960இல் திறந்தது. 2012இல் பிபிசி இதை 20 கோடி பவுண்டுக்கு விற்றது, இப்போது பெரும்பகுதி அடுக்குமாடி வீடுகளும் ஹோட்டலும். மூன்று ஸ்டுடியோக்களை மட்டும் விட்டுவைத்து 2017இல் திரும்பத் திறந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, போட்டி சேனலான ஐடிவியின் காலை நிகழ்ச்சிகள்கூட 2018இலிருந்து சில வருடம் இந்தப் பழைய பிபிசி வீட்டில்தான் நடந்தன. நார்ட்டன் ஷோவைத் தயாரிக்கும் ஸோ டெலிவிஷன் என்ற கம்பெனியையும் 2012இல் ஐடிவிதான் வாங்கியது. பங்காளிச் சண்டை என்றால் இப்படி இருக்கவேண்டும்.

நார்ட்டன் இங்கே வந்தது பிற்பாடு. 2007 பிப்ரவரியில் பிபிசி இரண்டாம் சேனலில் ஆரம்பித்து, 2009இல் முதல் சேனலுக்கு மாறி, அங்கே அரட்டை நிகழ்ச்சி நடத்திவந்த ஜோனதன் ராஸ் 2010இல் பிபிசியை விட்டுப் போனதும் அவருடைய வெள்ளி இரவு இவருக்கு வந்தது. அதுவரை படமான தேம்ஸ் தென்கரை ஸ்டுடியோ 2018இல் மூடப்பட்ட பிறகுதான் வுட் லேன். ஆள் அயர்லாந்துக்காரர், கார்க் மாவட்டத்தில் பாண்டன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். வோகனும் அயர்லாந்து, லிமெரிக். அறுபதுகளில் ஐடிவியில் அரட்டை நிகழ்ச்சி நடத்திய ஈமன் ஆண்ட்ரூஸும் டப்ளின்காரர். யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு வர்ணனை செய்யும் வேலைகூட 2009இல் வோகனிடமிருந்து நார்ட்டனுக்குத்தான் போனது. பிரிட்டிஷ்காரர்களுக்கு வீட்டுக்கு வந்தவர்களோடு பேச்சு கொடுக்கப் பக்கத்து வீட்டு ஆள் தேவைப்படுகிறது என்பது என் கட்சி.

அவர் செய்த பெரிய மாற்றம், என் கிறுக்குப்படி, சோபாதான். பழைய முறையில் ஒருவர் வருவார், பேசுவார், நகர்ந்து உட்கார்வார், அடுத்தவர் வருவார். நார்ட்டன் எல்லாரையும் ஆரம்பத்திலேயே ஒரே சோபாவில் இடித்துப் பிடித்து உட்காரவைத்து, கையில் ஆளுக்கொரு கோப்பை மதுவும் கொடுத்துவிடுகிறார். ஹாலிவுட் நடிகர், பக்கத்தில் உள்ளூர் நகைச்சுவைக்காரர், அந்தப் பக்கம் பாடகர். படத்தை விளம்பரம் செய்ய வந்தவர் மனப்பாடம் செய்த நாலு வரியைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் குறுக்கே புகுந்துவிடுவார், விளம்பரம் போச்சு, பேச்சு வந்தது. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜமக்காளத்தில் நடக்கிற பேச்சுதான் இது. கொரோனா சமயத்தில், 2020இல், சோபாவை எடுத்துவிட்டுத் தள்ளித் தள்ளித் தனி நாற்காலி போட்டார்கள். அதே நார்ட்டன், அதே மாதிரி விருந்தாளிகள், ஆனால் பல் டாக்டர் காத்திருப்பு அறை மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் என் சோபாக் கொள்கை எனக்கே உறுதியானது.

அப்புறம் நான் வந்த விஷயம். நிகழ்ச்சியின் கடைசியில் ஒரு பெரிய சிவப்பு நாற்காலி, அதில் முன்பின் தெரியாத சாதாரண ஆள் உட்கார்ந்து சொந்தக் கதை ஒன்று சொல்லவேண்டும். நார்ட்டன் கையில் ஒரு நெம்புகோல். கதை சலித்தால் இழுப்பார், நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், செருப்பு மட்டும் தெரியும். கடைசிவரை சுவையாகச் சொன்னவர் எழுந்து நடந்து போகலாம். 1976இல் ஈமு தள்ளியது நடத்துபவரின் நாற்காலியை, இப்போது நடத்துபவர் நம் நாற்காலியைத் தள்ளுகிறார். எனக்கும் ஒரு கதை உண்டு. பாதி மீசைக் கதை. சலூனில் ஒரு பக்கம் மீசையை எடுத்த நிலையில் முடிவெட்டுபவருக்குப் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்து, அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, நான் கத்தி பிடிக்கவும் தெரியாமல் அரை மீசையோடு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போன கதை. ஊரில் இதைச் சொல்லி நான் தோற்றதே இல்லை. ரயிலில் வரும்போது ஆங்கிலத்தில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், அந்த சலூன் எப்படிப்பட்டது என்று விளக்கவே நாலு வாக்கியம் போகிறது. மூன்றாவது வாக்கியத்தில் நெம்புகோல் நிச்சயம்.

வாசலில் வரிசை நின்றது. அக்டோபர் மாதம், ஐந்தரைக்கே வெளிச்சம் வடிய ஆரம்பித்துவிட்டது. நல்ல உடை உடுத்தி, லிப்ஸ்டிக் போட்டு, பிறந்தநாள் கொண்டாட்டம் மாதிரி கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பாட்டிமார், எழுபதுக்கு மேல் இருக்கும், மடக்கு நாற்காலியே கொண்டு வந்துவிட்டார்கள், அனுபவசாலிகள். இன்றைக்கு யார் விருந்தாளி என்று கேட்டேன். யாராயிருந்தால் என்ன, உள்ளே கதகதப்பாக இருக்கும் என்றார் ஒருவர். எனக்கு டிக்கெட் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றதும் இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். வரிசை நகர்ந்தது, அவர்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், நான் பிஸ்கட்டோடு வுட் லேன் ஸ்டேஷனுக்குப் போனேன்.

மறுநாள் வெள்ளி. இரவு பத்தரை மணிக்கு ஐயா வீட்டுக் கூடத்தில் நானும் நண்பனும் ஐயாவும். அவர் வழக்கமாக இந்த நிகழ்ச்சி பார்ப்பதில்லையாம், ஆங்கிலம் வேகமாக இருக்கிறதாம், எனக்காக விழித்திருந்தார். செய்தி முடிய இன்னும் சில நிமிடம் இருந்தது, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். சரி, இதுதான் நேரம் என்று பாதி மீசைக் கதையை ஆரம்பித்தேன். சலூன், பிரசவ வலி, ஓட்டம், பல்வலிக்காரன் மாதிரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறியது எல்லாம் வந்தாயிற்று. நண்பன் ஏற்கெனவே கேட்டவன், ஆனாலும் சிரித்தான். ஆபீஸில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், கதவைத் திறந்தேன், உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், அதில் நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்ததும்...

"பொறு தம்பி, துவங்கீட்டுது" என்று ஐயா ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டினார்.