அணியைத் தெரிந்தெடுத்தவர்

1993 ஒக்ரோபர் 23 இரவு ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணிக்கு உலகத் தொடரை வென்று கொடுத்த, ஜோ காட்டர் அடித்த ஹோம் ரன்னை (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) பற்றி ரொறன்ரோவிலுள்ள நம் பழைய மாணவர்கள் இன்றும் கதைப்பார்கள். காட்டரை இந்த நகருக்குக் கொண்டுவந்த, அணியின் பொது முகாமையாளர் பற் கில்லிக்கைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. அவர் பெயரைக் கேட்டால் எனக்கு நம் கல்லூரியின் கிரிக்கெட் பொறுப்பாசிரியர்தான் நினைவுக்கு வருவார்.

கில்லிக் கலிபோர்னியாக்காரர். பந்துவீச்சாளராக இருந்தவர், பேஸ்போலின் உச்சத் தளமான மேஜர் லீக்கில் ஆட வாய்க்கவில்லை. ஹியூஸ்டனிலும் நியூ யோர்க்கிலும் வீரர்களைத் தேடி வளர்க்கும் வேலையைப் பழகி, 1976இல், ஒரு ஆட்டம்கூட ஆடியிராத புளூ ஜேய்ஸுக்கு வந்தார். 1979இல் அணிக்கு 109 தோல்விகள். அவர் பதறவில்லை. பிற அணிகள் கவனியாது விட்ட இளைஞர்களை எடுத்தார். ஜோர்ஜ் பெல் அப்படி வந்தவர். வீரர்களைத் தேடிப் பிடிக்கும் எபி கெரேரோவின் துணையோடு டொமினிக்கன் குடியரசில் தேடினார். சான் பெட்ரோ டி மக்கோரிஸ் என்னும் கரும்பு விளையும் ஊரிலிருந்து ரோனி பெர்னாண்டஸ் கிடைத்தார்.

நம் பொறுப்பாசிரியர் சேரும் அப்படித்தான். வலைப் பயிற்சிக்கு வருபவர்களை மட்டும் பார்த்து அணி எடுக்கமாட்டார். பின்னேரங்களில் சைக்கிளில் போய், கோயில் வீதிகளில் ரெனிஸ் பந்து எறிந்து விளையாடும் பெடியளை வேலியோரம் நின்று பார்ப்பார். தீவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த என் வகுப்புத் தோழன் ஒருவன் அவர் கண்ணில் பட்டான். சப்பாத்தும் அவரே வாங்கிக் கொடுத்தார். தொடக்க ஆட்டங்களில் அவனுக்கு ஓட்டமே வரவில்லை. மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். “அவன் நிக்கட்டும்” என்றார். அடுத்த வருடம் எங்கள் தொடக்க ஆட்டக்காரன் அவன்தான்.

கில்லிக்கின் பொறுமையையும் ரொறன்ரோவில் பலர் குறை சொன்னார்கள். 1990 டிசெம்பரில் அவரே பெர்னாண்டஸையும் பிரெட் மக்கிரிப்பையும் சான் டியேகோவுக்குக் கொடுத்து, காட்டரையும் ரொபேர்ட்டோ அலோமாரையும் வாங்கினார். வளர்த்த பிள்ளையைப் பிரிய எவ்வளவு துணிவு வேண்டும்! 1992இல் உலகத் தொடர்க் கிண்ணம் முதன்முறையாகக் கனடாவுக்கு வந்தது. 1993இல் பெர்னாண்டஸைத் திரும்ப அழைத்தார். இரண்டாவது கிண்ணத்தை வென்ற அணியில் அவரும் இருந்தார்.

பின்னர் பால்ரிமோர், சியாற்றில் என்று போன கில்லிக், 2008இல் பிலடெல்பியாவுக்கும் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். 2011இல் கூப்பர்ஸ்ரவுனிலுள்ள பேஸ்போல் புகழ் மண்டபத்தில் அலோமாரோடு ஒரே நாளில் அவரையும் சேர்த்தார்கள்.

மலர்க் குழுவிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த இதழில் அணித் தலைவர்களின் படங்களோடு, அந்தந்த ஆண்டுப் பொறுப்பாசிரியர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள். எழுபதுகளின் பட்டியலைத் தொகுத்துத் தர நான் ஆயத்தம்.