எமர்ஜென்சி ஆவணங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

எமர்ஜென்சியைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை மிசாவில் 1,10,806 பேர் கைது.’ தேதிகள் சரி, எண்ணும் சரி. ‘மிசாவில்’, அதாவது உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டத்தில், என்பதுதான் தப்பு. எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் கணக்குப்படி மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் 34,988 பேர். மீதி 75,818 பேர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி, பேச்சு வழக்கில் டி.ஐ.ஆர். என்பார்களே, அதில் கைதானவர்கள்.

இது வெறும் பெயர்த் தகராறு என்று விட்டுவிட முடியாது. மிசா தடுப்புக்காவல் சட்டம். குற்றச்சாட்டு கிடையாது, வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது. அதனால் அந்தக் காகிதமெல்லாம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்துறையிலும்தான் உருவானது. டி.ஐ.ஆர். அப்படியல்ல. அதில் குற்றம் என்று ஒன்று உண்டு. முதல் தகவல் அறிக்கை, ரிமாண்டு, மாஜிஸ்திரேட் கோர்ட், ஜாமீன் மனு எல்லாம் உண்டு. ஒருவர் டி.ஐ.ஆரில் போனவராக இருந்து, நீங்கள் அவரை உள்துறைக் கோப்புகளில் தேடிக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் கைக்கு ஒன்றும் வராது. தமிழ்நாட்டில் இது இன்னும் சிக்கல். அந்தக் காலத்தில் சிறைக்குப் போன எவருக்கும் ‘மிசா’ பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டிக்கொண்டது. நேர்காணலில் ஒருவர் ‘நான் மிசாவுல உள்ள இருந்தேன்’ என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அதைச் சட்டப் பிரிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்களா, ஜாமீன் கேட்டார்களா என்ற இரண்டு கேள்வியில் விஷயம் தெளிவாகிவிடும்.

இன்னொன்று: 1975 ஜூனில் வந்தது, ஏற்கெனவே நடப்பில் இருந்த ஓர் எமர்ஜென்சியின் மேல் வந்த இன்னொன்று. வங்கதேசப் போரை ஒட்டி 1971 டிசம்பர் 3-ல் அறிவிக்கப்பட்டது அப்போதும் நடப்பில் இருந்தது. அது விலக்கப்பட்டது 1977 மார்ச் 27-ல்தான். ஆகவே 1975 மே மாதத் தேதியோடு ஒரு டி.ஐ.ஆர். காகிதம் கிடைத்தால் ‘தேதி தவறு’ என்று பென்சிலில் குறிக்க வேண்டாம். கடத்தல்காரர்களைப் பிடித்த காஃபிபோசா இன்னொரு தனிச் சட்டம், 1974-ல் வந்தது. அந்தக் கைதுகளை அரசியல் கைதுகளோடு சேர்த்து எண்ணக் கூடாது.

ஒரு மிசா கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் எது இல்லை என்பது கண்ணில் படும். முதலில் காவல் ஆணை. 1975 ஜூன் 29-ன் அவசரச் சட்டம் 16-ஏ பிரிவைச் சேர்த்த பிறகு, ‘எமர்ஜென்சியைச் சமாளிக்க இவரை அடைத்து வைப்பது அவசியம்’ என்ற ஓர் அறிவிப்பும் சேர்ந்தது. இந்த அறிவிப்பு இருந்தால் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறிவிப்பு வந்த 15 நாளுக்குள் அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும். பிறகு 4 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். ஆணை, அறிவிப்பு, 15 நாள் குறிப்பு, 4 மாதக் குறிப்பு. இவற்றின் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆணை எழுதிய நாளும் காரணக் குறிப்பு எழுதிய நாளும் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். டில்லியில் காரணம் வந்து சேரும் முன்பே சைக்ளோஸ்டைல் படிவங்களில் கையெழுத்துப் போட்டதை ஷா கமிஷன் பதிவு செய்திருக்கிறது. மறுபரிசீலனைக் குறிப்புகள் பெயர் மட்டும் மாறி, வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். யாரும் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள்.

ஆய்வாளர்கள் பலர் எட்டிப் பார்க்காத ஓர் இடம் ஆட்கொணர்வு மனுக் கட்டுகள். கைதானவர் தரப்பு சொல்வது பிரமாண வாக்குமூலமாக அங்கே கிடைக்கும். எமர்ஜென்சியிலும் இந்த மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் அந்தக் கதவைச் சாத்தியது. மாறுபட்டவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. அந்தத் தேதிக்குப் பிறகு இந்த ஊற்று வற்றிவிடும். மனு குறைந்ததால் கைதுகளும் குறைந்தன என்று வரைபடம் போட்டுவிடாதீர்கள்.

ஷா கமிஷனுக்கு வருவோம். 1977 மே 28-ல் அமைக்கப்பட்டது. 1978 மார்ச், ஏப்ரல், ஆகஸ்ட் என மூன்று அறிக்கைகள் தந்தது. பிரதிகள் அரிதாகிப்போன நிலையில், முன்னாள் எம்.பி. இரா. செழியன் தம்மிடம் இருந்த பிரதியை வைத்து 2010-ல் மறுபதிப்புக் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலோர் படிப்பது அதைத்தான். இந்த அறிக்கையை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதில்தான் குழப்பம். இது கைதானவர்களின் பெயர்ப் பட்டியல் அல்ல. அதிகார மீறல் எப்படி நடந்தது என்று காட்டச் சில நேர்வுகளை எடுத்து ஆராய்ந்த அறிக்கை. 2019-ல் மு.க. ஸ்டாலின் மிசாவில்தான் கைதானாரா என்று ஒரு சர்ச்சை ஓடியபோது, ‘ஷா கமிஷனில் பெயர் இல்லையே’ என்று பலர் கேட்டார்கள். பெயர் இல்லாதது எதையும் நிரூபிக்காது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்தது நீதிபதி எம்.எம். இஸ்மாயில் கமிஷன், தேட வேண்டிய இடம் அது.

எந்தக் கமிஷன் அறிக்கையை எடுத்தாலும் முதலில் விசாரணை வரம்பைப் படியுங்கள். வரம்புக்கு வெளியே உள்ளதைப் பற்றிய மௌனம், நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. விசாரணைக் கமிஷன் சட்டம், 1952-ன்படி கமிஷன் சொல்வது தீர்ப்பும் அல்ல. யார் 8-பி நோட்டீஸ் (தன் நடத்தை விசாரிக்கப்படுகிறவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரும் அறிவிப்பு) பெற்றார், யார் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திரா காந்தி பிரமாணம் செய்து சாட்சி சொல்ல மறுத்துவிட்டதால், பல இடங்களில் அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகளின் வாக்குமூலம்தான் அறிக்கையைத் தாங்குகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் அதிகாரிக்கு ‘மேலிடத்து உத்தரவு’ என்பதைவிட வசதியான சொல் ஏது? அதற்காக அது பொய் ஆகிவிடாது. சம்பவம் நடந்த காலத்துக் குறிப்பு ஒன்றையாவது பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கருத்தடை எண்களில் வேறு விதமான பொறி. 1975-76-ல் இலக்கு 24.85 லட்சம், நடந்தது 26.24 லட்சம். 1976-77-ல் இலக்கு 42.55 லட்சம், நடந்தது 81.32 லட்சம். இரண்டையும் கூட்டி ‘எமர்ஜென்சியில் 1.07 கோடி’ என்று எழுதுகிறார்கள். இவை நிதியாண்டுக் கணக்குகள். 1975 ஏப்ரல் தொடங்கி ஜூன் 25 வரை நடந்தவையும் முதல் எண்ணுக்குள் இருக்கின்றன. ‘இரண்டு நிதியாண்டுகளில்’ என்று எழுதினால் போதும், பிழை போய்விடும். அதைவிட முக்கியம், இலக்கு வைத்து விரட்டிய ஆண்டில் இலக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும் எண்ணை அப்படியே அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை என்று நம்பலாமா? அது முதலில் சான்றிதழ்களின் எண்ணிக்கை. அரசு ஊழியர்களின் சம்பளமும் இடமாற்றமும் அதில் தொங்கிக்கொண்டிருந்தபோது, தாளில் ஏறியதெல்லாம் உடலில் நடந்ததுதானா என்று கேட்காமல் நகரக் கூடாது.

தாள் எப்படி வேலை செய்தது என்பதற்கு நல்ல உதாரணம் டில்லியில் கிடைக்கிறது. மானுடவியலாளர் எம்மா டார்லோ கிழக்கு டில்லி வெல்கம் காலனியின் குடிசை மாற்றுத் துறைக் கோப்புகளில் ஒரு படிவத்தைக் கண்டார். டில்லி வளர்ச்சி ஆணையத்தின் ‘குடும்பக் கட்டுப்பாட்டு மைய ஒதுக்கீட்டு ஆணை’. பெயர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர் என்று போகும் அந்தப் படிவத்தில் ‘தன்விருப்பக் கருத்தடை செய்துகொண்ட தேதி’ என்று ஒரு கட்டம். அடுத்து ‘கோரும் உதவி’. தன்விருப்பம் என்பது அச்சிலேயே வந்துவிட்டது. நிரப்புகிறவர் தேதியை எழுதினால் போதும். வீடு இடிக்கப்பட்டவருக்கு மனை கிடைக்க, அல்லது இருக்கும் மனை கையை விட்டுப் போகாமலிருக்க இந்தத் தாள் தேவைப்பட்டது. தான் அறுவை செய்துகொள்ளலாம், அல்லது இன்னொருவரைச் செய்துகொள்ள வைத்து அந்தக் கணக்கைத் தன் பெயரில் காட்டலாம். இந்த இரண்டாவது வழி சந்தையைத் திறந்தது. காசு இருந்தவர் தன்னைவிட ஏழையானவருக்குப் பணம் கொடுத்து அனுப்பினார், நடுவில் தரகர்கள் முளைத்தார்கள். ஆகவே இந்தக் கோப்புகளை எண்ணும்போது ‘செய்துகொண்டவர்’, ‘தூண்டியவர்’ என்று இரண்டு பத்தி போடாமல் தொடங்கவே கூடாது. ஒரே பத்தியில் எண்ணினால், அறுவை செய்துகொள்ளாதவரும் செய்துகொண்டவராக ஏறிவிடுவார். பாதிக்கப்பட்டவர், அரசு என்று இரண்டு தரப்பாக எழுதி வைத்திருந்த அத்தியாயத்தையும் இந்தப் படிவம் கலைத்துப் போட்டுவிடும். கலையட்டும், அது நல்லதுதான்.

கோப்பைக் கேட்பதற்கு: மத்திய அரசின் 25 ஆண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகளுக்குப் பொதுப் பதிவேடுகள் சட்டம், 1993. இன்னும் துறையிலேயே கிடக்கும் கோப்பு என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு; 20 ஆண்டு கடந்த நிகழ்வுகளில் விலக்குகளில் பெரும்பாலானவை செல்லாது. ‘எமர்ஜென்சி தொடர்பான எல்லாக் கோப்புகளும்’ என்று கேட்டால் ‘அப்படி ஏதும் இல்லை’ என்ற ஒரு வரிப் பதில் வரும். துறை, மாவட்டம், மாதம், சட்டப் பிரிவு என்று குறுக்கிக் கேளுங்கள்.

பத்திரிகைகளை எப்போதும் கடைசியில் எடுப்பது நல்லது. 1976 பிப்ரவரி முதல் நான்கு செய்தி நிறுவனங்களும் ‘சமாச்சார்’ என்ற ஒரே வாய்க்குள் அடக்கப்பட்டன. அதற்குப் பிறகு ஐந்து நாளிதழில் ஒரே செய்தி இருந்தால் அது ஐந்து ஆதாரம் அல்ல, ஒன்றுதான். 1977 ஜனவரி 18-ல் தேர்தல் அறிவிப்பு வந்ததும் நிலைமை தலைகீழ். அதுவரை அடைபட்டதெல்லாம் கொட்டியது. எந்தச் செய்தி அந்தத் தேதிக்கு முன், எது பின் என்று குறித்து வையுங்கள்.

தணிக்கைக் காலத்து இதழில் தலைப்புச் செய்தியைவிட ஓரங்கள்தான் பேசும். தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31-ல். பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். கைதானவர்களின் பெயரைப் போடத் தடை இருந்ததால், அண்ணா சமாதிக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பட்டியல் போட்டது. வாசகருக்குப் புரிந்தது. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் பம்பாய்ப் பதிப்பில் 1975 ஜூன் 28-ல் வந்த மரண அறிவிப்பும் இந்த ரகம்தான்: ‘டி’ஓக்ரசி, டி.இ.எம்.’ என்பவர் 26-ஆம் தேதி காலமானாராம், மனைவி டி. ரூத், மகன் எல்.ஐ. பெர்ட்டி. ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் ஜனநாயகம், உண்மை, சுதந்திரம். இரண்டுமே மைக்ரோபிலிமைப் பக்கம் பக்கமாக உருட்டுகிறவருக்குத்தான் கிடைக்கும். தேடுபெட்டியில் ‘எமர்ஜென்சி’ என்றோ ‘கைது’ என்றோ தட்டினால் இவற்றில் ஒன்றுகூட வராது.