மணல் மேல் பழி

மனை பார்க்க முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியம்தான் செய்வார்கள். குனிந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளி, விரல் இடுக்கில் ஒழுகவிட்டு, என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். "சார், இதுல வீடு நிக்குமா?"

நிற்கும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. 2006-ல் டிப்ளமோ முடித்த கையோடு, சென்னைக்குத் தெற்கே ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் சைட் சூப்பர்வைசராக வந்தேன். ஈஞ்சம்பாக்கம், அக்கரை, உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு, கோவளம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் இந்த மணல் பட்டை. பிழைப்பு இங்கேயே அமைந்துவிட்டது. நான் பிறந்தது மன்னார்குடி பக்கம். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்து, ஐப்பசி மழையில் உப்பி, சுவரில் கோடு கோடாக விரிசல் போடும் களிமண் அது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மணல் சாதுவாகத் தெரிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. மணல் வீங்காது, சுருங்காது. பாரம் ஏற்றினால் இறங்க வேண்டிய அளவைக் கட்டும்போதே இறங்கி முடித்துவிடும். களிமண் போல வருடக்கணக்கில் இழுத்தடிக்காது. இடம்விட்டு நகராமல் பார்த்துக்கொண்டால் போதும். அதை நகர்த்துவது தண்ணீர்தான்.

இதை உத்தண்டியில் என் மூன்றாவது சைட்டில் கற்றுக்கொண்டேன். ஐந்தடி கடைக்கால் எடுக்க வேண்டும். காய்ந்த மணலில் அரை மணிக்கு ஒருமுறை கரை சரிந்து குழி பாதி மூடிக்கொள்ளும். எங்கள் மேஸ்திரி முந்தின நாள் சாயங்காலமே மனை முழுக்கத் தண்ணீர் அடித்து வைப்பார். ஈர மணல் கொஞ்ச நேரம் சுவர் மாதிரி நிற்கும்; வெயில் ஏறுவதற்குள் தோண்டி, சவுக்குக் கட்டையும் பலகையும் முட்டுக்கொடுத்துவிட வேண்டும். அது வரைக்கும் சரி. நான் சொதப்பியது ஐப்பசியில். நல்ல மழை பெய்து நிலத்தடி நீர் இரண்டரை அடிக்கு ஏறியிருந்தது. குழியில் நேரடியாக மோட்டாரை இறக்கி இறைக்கச் சொன்னேன். தண்ணீர் வந்தது. கூடவே கலங்கலாக மணலும் வந்தது. அடியிலிருந்து மணல் பொங்கிப் பொங்கி மேலே வர, இறைக்க இறைக்கக் குழி ஆழம் மட்டும் மாறவே இல்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவர் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. குழியிலிருந்து நான் வெளியே ஊற்றியது அவர்கள் சுவருக்குக் கீழே இருந்த மணலை.

"தம்பி, குழியில இறைக்காதீங்க, குழிக்குப் பக்கத்துல இறைங்க" என்றார் மேஸ்திரி. கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் புது இன்ஜினியர் பையனிடம் கேட்காமல் எதையும் சொல்ல மாட்டார். தள்ளி ஓர் ஓரத்தில் ஓட்டை போட்ட சிமெண்ட் உறையை இறக்கி, சுற்றிலும் சின்ன ஜல்லி கொட்டி, அதற்குள் மோட்டாரை வைத்தார்கள். ஜல்லி மணலைத் தடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மட்டும் வந்தது. மெல்ல மெல்லச் சுற்று வட்டாரத்தில் நீர்மட்டம் இறங்கி, இரண்டு நாளில் எங்கள் குழி காய்ந்தது. காம்பவுண்ட் சுவரைக் கட்டிக்கொடுத்தோம். அதற்கப்புறம், அவசரம் இல்லாத வீட்டுக்காரர்களிடம் பொங்கல் கழித்துக் கடைக்கால் எடுக்கலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

தோண்டின மணலைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு அடுத்த யோசனை வரும். "இவ்வளவு மணல் கிடக்கே, இதையே கலவைக்குப் போட்டா என்ன?" போடக் கூடாது. ஒரே அளவில் பொடியாக இருக்கும், உப்பும் இருக்கும். பூசினால் ஒரு வருடத்தில் சுவரில் வெள்ளையாகப் பூத்துவிடும், கான்கிரீட்டில் போட்டால் கம்பிக்குக் கேடு. வீட்டுத் தரைக்கு அடியில் பேஸ்மென்ட் உள்ளே நிரப்ப மட்டும் இதைவிட நல்ல பொருள் கிடையாது. அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, தட்டும் மெஷின் ஓட்டினால் குதிகால் பதியாது. மேலே தரை கான்கிரீட் போடும் முன் ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் கலவையில் இருக்கிற தண்ணீரை மணல் கீழே உறிஞ்சிக்கொள்ளும்.

கலவைக்கு வருவோம். என் உத்தியோகத்தில் பாதிச் சண்டை கலவை மெஷின் பக்கத்தில் நடந்தது. எல்லாம் ஒரு பக்கெட் தண்ணீருக்காக. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் என்று கணக்கு வைத்தால், பாண்டு என்கிற கலவைச் சட்டி தூக்குகிறவர்களுக்கு அது கெட்டியாகத் தெரியும். யாரும் பார்க்காதபோது இன்னொரு பக்கெட் ஊற்றுவார்கள். கலவை பாயசம் மாதிரி ஓடும், வேலையும் வேகமாக முடியும். 10 லிட்டர் கூடினால் பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும் என்று சொன்னால், "உங்க வீடா சார், இருபது வருஷமா இப்படித்தான் போடுறோம்" என்று பதில் வரும். வெயிலில் பாண்டு சுமக்கிறவரைக் குறை சொல்லவும் மனம் வராது. கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரை ஒழுங்காக ஓட்டினால் கெட்டிக் கலவையும் போய் உட்காரும். ஆனால் அதன் ஊசி பழுது என்று மாலையில் சொல்வார்கள், தளம் போட்டு முடித்த பிறகு.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் குழம்பும். ஈர மணல் பொம்மிக்கொள்ளும். லேசான ஈரத்தில் கால் பங்கு வரைக்கும்கூட அளவு கூடித் தெரியும். அளக்கிற பெட்டி நிறைந்தாலும் உள்ளே மணல் குறைவு. அப்படிப் போட்ட கலவையில் ஜல்லி தனித்தனியே நிற்கும். உடனே "கலவை முரடா இருக்கு" என்று தண்ணீர் சேர்ப்பார்கள். மணலே ஏற்கெனவே தண்ணீர் கொண்டுவந்திருக்கும். மூட்டைக்கு 80 கிலோ மணல், அதில் 5 சதவீதம் ஈரம் என்றால் 4 லிட்டர் யாரும் ஊற்றாமலே உள்ளே வந்தாயிற்று. ஒரு கண்ணாடி ஜாடியில் ஈர மணலைப் போட்டு, தண்ணீர் நிரம்ப ஊற்றிக் கலக்கினால் அளவு குறைந்து பழைய மட்டத்துக்கு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மேஸ்திரிக்கு ஒருநாள் செய்து காட்டினேன். "இதுக்கு ஜாடி எதுக்கு தம்பி, கையில பிடிச்சாத் தெரியாதா" என்றார். அவருக்குத் தெரியும். பெட்டி நிரப்புகிற சித்தாளுக்கு யாரும் சொல்லவில்லை.

வெயில் காலத்தில் வேறு தொல்லை. கத்திரியில் கானத்தூரில் ஒரு தளம். காலை ஏழுக்கு வரவேண்டிய ரெடிமிக்ஸ் லாரி, நெரிசலில் மாட்டிப் பதினொன்றரைக்கு வந்தது. போட்டு முடித்து மட்டப்பலகை இழுக்கும் நேரத்தில் கடல் காற்று எழுந்தது. எல்லோருக்கும் உடம்பு குளிர்ந்தது. நானும் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு அப்பாடா என்று நின்றேன். அந்தக் காற்று தளத்தின் மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. மாலை நாலரைக்கு மேற்பரப்பெல்லாம் கோழி கிளறின மாதிரி விரிசல். அடியில் ஈரம், மேலே காய்ந்த தோல். சுருங்குகிற தோல் கிழியத்தானே செய்யும். இறுகும் முன் மறுபடி தேய்த்து மூடிச் சமாளித்தோம். அதிலிருந்து சித்திரை, வைகாசியில் விடியற்காலை நாலு மணிக்கு விளக்கு போட்டு ஆரம்பிக்கிறேன். மதியக் காற்றுக்கு முன்னால் முடிந்து, பிளாஸ்டிக் ஷீட்டும் நனைந்த சாக்கும் மேலே ஏறியிருக்க வேண்டும். தளம் போடும் நாள் பிரியாணி காலை பத்தரைக்கே வந்துவிடுவதில் ஆட்களுக்கும் புகார் இல்லை.

தளத்துக்கு முதல் நாலைந்து மணி நேரம் மழை எதிரி. சிமெண்ட் பாலைக் கழுவிக்கொண்டு போய், மணல் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவிப் பூசுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது; அந்தப் பூச்சு அப்பளம் மாதிரி உரிந்து வரும். தார்ப்பாயை முன்கூட்டியே கொண்டுவந்து வைப்பதுதான் வழி. இறுகிய பிறகு பெய்கிற மழையோ சம்பளம் வாங்காத ஆள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டிய வேலையை அதுவே செய்துவிடும்.

வீடு முடிந்த பிறகும் மழை விடாது. மாடித் தண்ணீர்க் குழாயை மூலையில் அப்படியே தரைக்கு மேல் விட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு அடுத்த நாள் ஒரு வீட்டு வாசற்படி அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தேன். கீழே இருந்த மணலைக் குழாய்த் தண்ணீர் அறுத்துத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. பூனை ஒன்று அந்தப் படிக்கடியில் படுத்திருந்தது.

அப்புறம் உப்பு. இதைப் பற்றிப் பேசத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட் இருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 சொல்கிறது. உள்நாட்டில் பாதுகாப்பான இடத்தில் 20 மில்லிமீட்டர். கடற்கரைக் காற்றுக்கு நேரே நிற்கிற பகுதிக்கு 45, கான்கிரீட்டும் எம்-30 என்கிற பலத் தரம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஊற்றும் தண்ணீரில் உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் 2009-ல் எனக்கு மனப்பாடம். அந்த வருடம் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கட்டினோம். போர்ட்டிகோ பீமுக்குக் கம்பி இறக்கும் அன்று, கம்பி பலகையில் படாமல் தூக்கிப்பிடிக்கும் கவர் பிளாக் தீர்ந்துவிட்டது. வாங்கி வர ஒரு மணி நேரம் ஆகும், மிக்ஸர் ஓடிக்கொண்டிருக்கிறது. "முக்கால் இன்ச் ஜல்லிய வெச்சு ஏத்திடலாம் தம்பி" என்றார் மேஸ்திரி. சரி என்றேன். வைப்ரேட்டர் ஓடும்போது ஜல்லி உருண்டிருக்கும், கம்பி பலகையில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கோடையில் போர் தண்ணீரும் கரித்தது. இந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அதிகமாக இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும். மேஸ்திரி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கினோம். இறுகிய கான்கிரீட்டை நனைத்து வைக்கும் க்யூரிங்குக்கு மட்டும், வெளியேதானே ஊற்றுகிறோம் என்று, அதே போர் தண்ணீர்.

பத்து வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. பீமின் அடியில் நீளவாட்டில் ஒரு விரிசல், அதிலிருந்து காவி நிறத்தில் ஒழுக்கு. சுத்தியலால் தட்டினால் பாதி இடம் பொத்தென்று ஒலித்தது. கொத்தி எடுத்தோம். பன்னிரண்டு மில்லிமீட்டர் கவர்கூட இல்லை. துரு பிடித்த கம்பி தன் பழைய இடம் போதாமல் வீங்கி, மூடியிருந்த கான்கிரீட்டைத் தள்ளிவிட்டிருந்தது. முட்டுக்கொடுத்து, துருவைச் சுத்தமாகச் சுரண்டி, அரித்துப்போன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, நல்ல தண்ணீரில் பாலிமர் கலவை போட்டு மூடினோம். கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசி நாள் வீட்டுக்காரரின் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனை வாங்கிய காலத்தில் மணலை அள்ளிப் பார்த்துக் கேட்டவரும் அவர்தான்.

"நான் அப்பவே சொன்னேன் தம்பி. மணல்ல கட்டின வீடு, வேற எப்படி இருக்கும்?"

"மணல் மேல தப்பில்லம்மா."

"பின்னே?"

"அந்த பீம் போட்ட அன்னைக்கு நான் இங்கதாம்மா நின்னுட்டு இருந்தேன்."

என்ன புரிந்துகொண்டாரோ, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, தம்பிக்கு ஒரு காபி போடச் சொன்னார்.