'ரன்' என்னும் ஆங்கில வினைச்சொல்

1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிகுதியான பொருள்களைக் கொண்டிருந்த வினைச்சொல் 'செட்'. அதற்கு 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் அதை 'ரன்' முந்திவிட்டது. அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உழைத்து, வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்.

இந்த எண்ணிக்கையைக் கண்டு தமிழ் மாணவர்கள் மலைக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆற்று நீரும் ஓடுகிறது, பேருந்தும் ஓடுகிறது, கடிகாரமும் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது என்று நாமே அன்றாடம் சொல்வதால், ஆங்கிலேயர் இவை அனைத்துக்கும் 'ரன்' என்ற ஒரே சொல்லை ஆள்வது நமக்கு இயல்பாகவே விளங்கிவிடுகிறது.

இரு மொழிகளும் பிரியும் இடங்களில்தான் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 'ரன்' என்ற சொல் வரும் சில இடங்களில், தமிழில் நமக்கு மூக்கு ஒழுகுகிறது, துவைத்த துணியில் சாயம் போகிறது, கடையை ஒருவர் நடத்துகிறார். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் 'ஓடுகிறார்'; பிரிட்டனிலோ, நம் ஊரைப் போலவே, அவர் தேர்தலில் நிற்கிறார்.

கூட ஒட்டிவரும் சிறு சொற்கள் இன்னும் நுட்பமானவை. 'ரன் இன்டு' என்பதற்குப் பின்னால் பழைய நண்பர் வந்தால் தற்செயலாகச் சந்தித்ததாகப் பொருள். அதே தொடரில் காரும் மரமும் வந்தால் மோதல். 'ரன் அவுட்' என்றதும் நமக்குக் கிரிக்கெட் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்று ஒருவர் சொன்னால், வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதே செய்தி. ஆகவே 'ரன்' என்றால் ஓடு என்று நோட்டில் ஒற்றை வரியாக எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டு, எது ஓடுகிறது, அதன் பின்னே எந்தச் சிறு சொல் நிற்கிறது என்பதையும் சேர்த்து, முழு வாக்கியமாகவே எழுதிவைக்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.