கூப் ஏன் தூங்கினான்?

'மீட் த ராபின்சன்ஸ்' என்ற டிஸ்னி அனிமேஷன் படத்தைப் பார்த்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் அந்த இரவு உணவுக் காட்சியைத்தான் சொல்வார்கள். லூயிஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், ரொட்டியில் கடலை வெண்ணெயும் ஜாமும் தடவும் கருவி ஒன்றைப் பழுதுபார்க்கிறான். கருவி வெடிக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் மேலும் கடலை வெண்ணெய் தெறிக்கிறது. அவன் கூனிக் குறுகி நிற்கிறான். எதிர்காலத்தில் அவன் சந்திக்கும் ராபின்சன் குடும்பமோ ஆரவாரம் செய்கிறது. தோற்றுவிட்டாய், அற்புதம் என்று ஆளாளுக்குப் பாராட்டுகிறார்கள். தோல்வியில்தான் கற்றுக்கொள்ள முடியும் என்று ஒருவர் எடுத்துச் சொல்கிறார்.

எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் நான் எழுத வந்தது அதே படத்தில் இருக்கும் இன்னொரு சிறுவனைப் பற்றி. அவன் பெயர் மைக்கேல் யகூபியன். எல்லாருக்கும் கூப். லூயிஸும் அவனும் ஒரே அனாதை இல்லத்தில் ஒரே அறையில் வளர்கிறார்கள். லூயிஸ் தன் கண்டுபிடிப்பை முடிக்க இரவு முழுவதும் சத்தம் எழுப்பிக்கொண்டு விழித்திருக்கிறான். மறுநாள் பேஸ்பால் ஆட்டம். தூக்கமில்லாத கூப், திடலில் நின்றபடியே கண்ணயர்ந்துவிடுகிறான். பிடித்திருக்க வேண்டிய பந்து நழுவுகிறது, அணி தோற்கிறது, கூட ஆடிய பிள்ளைகள் அவனை அடிக்கிறார்கள். அன்று தொடங்கிய கசப்பு முப்பது ஆண்டு கடந்தும் ஆறவில்லை. எதிர்காலத்திலிருந்து கால இயந்திரத்தில் வில்லனாக வரும் தொப்பிக்காரன் வேறு யாருமில்லை, வளர்ந்த கூப்தான்.

படம் 2007 மார்ச் மாதம் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் வட்டாக வெளியானது. என்னிடம் இருப்பது அந்த வட்டுதான். டிஸ்னி பிளஸ் 2021 பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு வந்த பிறகு வட்டு எதற்கு என்று வீட்டில் பலமுறை கேட்டுவிட்டார்கள். நான் தூக்கிப் போடவில்லை. திரையரங்கில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் படத்தை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், நிறுத்திய இடத்திலேயே அரை மணி நேரம் பேசலாம். பிள்ளைகள் படத்தை இந்த மாதிரிதான் உண்மையாகப் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவள் நான். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளோடுதான் என் பிற்பகல்கள் கழிகின்றன. அவர்களின் கேள்விகள் எப்போதும் கதை நின்ற இடத்தில்தான் பிறக்கும்.

கூப் பந்தைத் தவறவிட்ட இடத்தில் என் மகள் யாழினி நிறுத்தச் சொன்னாள். தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். "அவனை ஏன் எல்லாரும் அடிக்கிறார்கள்? அவன் தூங்கியதற்குக் காரணம் லூயிஸ்தானே? யாருமே அதைக் கேட்கவில்லையே?" என்றாள். பக்கத்தில் அக்காவின் மகன் அகிலன் உட்கார்ந்திருந்தான். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவை அந்த வாரம்தான் கையில் வாங்கியிருந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை.

அகிலன் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான், ஆனால் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்த புளோக்குகளில் இருப்பதால் பாதி நாள் அவனுக்குச் சோறு எங்கள் வீட்டில்தான். முடிவு வந்த அன்று கைப்பேசி ஓயவில்லை. ஜொகூரில் இருந்து பெரியப்பா, தஞ்சாவூரில் இருந்து அம்மாச்சியின் தங்கை, தேக்காவில் கடை வைத்திருக்கும் மாமா. எல்லாரும் நல்ல மனிதர்கள். எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: பரவாயில்லை. சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தேர்வில் புள்ளி குறையக் குறைய நல்லது; அவனுக்கு மொத்தம் 23 புள்ளி, கணிதத்தில் அடைவுநிலை 7. பள்ளியில் அவன் வழக்கமாகச் செய்வதைவிட மோசம். ஒவ்வோர் அழைப்புக்கும் "சரி, சரி" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

இந்த ஊரின் தேர்வுமுறை நம் கண்முன்னாலேயே நிறைய மாறியிருக்கிறது. 2019இல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2023க்குள் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வு மறைந்தது. இறுதியாண்டுத் தேர்வில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய மொத்தப் புள்ளி 2021இல் போனது. இப்போது நான்கு பாடங்களுக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. ஆகச் சிறந்த மொத்தம் 4, கடைசி 32. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், மாணவர்களை மதிப்பெண்படி பிரித்த விரைவு, வழக்கம் என்ற பிரிவுகளும் இல்லை. இவை அனைத்தையும் நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். விரைவுப் பிரிவு கிடைக்காததால் யார் கண்ணிலும் படாமல் தெருவைச் சுற்றிப் போன அண்ணன்களை என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் முடிவு வந்த அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டுக் கூடத்தில் என்ன நடக்கிறது என்பதை எந்த அமைச்சும் மாற்ற முடியாது. அந்த மாலை நம்முடையது.

இரவு உணவுக் காட்சிக்குத் திரும்புகிறேன். தோல்வியைக் கொண்டாடு என்பதை மட்டும் அதிலிருந்து உருவி எடுத்துச் சுவரொட்டியாக ஒட்டிவிடுகிறோம். அந்த மேசையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. பாட்டி, தாத்தா, மாமாக்கள், அத்தைகள், பாடும் தவளைகள்கூட அந்த வீட்டில் உண்டு. கருவி வெடித்தபோது அவர்கள் அனைவரும் அதே கடலை வெண்ணெயில் நனைந்தார்கள். யாரும் தூரத்தில் சுத்தமாக நின்றுகொண்டு பரவாயில்லை என்று சொல்லவில்லை. லூயிஸால் தலை நிமிர முடிந்ததற்குக் காரணம் அந்தக் கூட்டம். கூப் தோற்ற அன்று அவனுக்கு அப்படி ஒரு மேசை இல்லை. கண் வீங்கி, காயத்தோடு அறைக்குத் திரும்பியவனிடம் நேற்று ஏன் தூங்கவில்லை என்று கேட்க ஒருவர்கூட இல்லை. இந்தப் படம் எனக்குச் சொன்ன செய்தி இதுதான். ஒரு பிள்ளையைத் தோல்வி கெடுக்கிறதா வளர்க்கிறதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அன்றிரவு அதன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான்.

இதைவிடக் கூர்மையான ஓர் இடமும் படத்தில் உண்டு. வளர்ந்த கூப் தன் பள்ளி நாள்களை நினைத்துப் பார்க்கிறான். எல்லாரும் என்னை வெறுத்தார்கள் என்கிறான். ஆனால் திரையில் நாம் பார்ப்பது வேறு. நடைவழியில் ஒரு பிள்ளை அவன் கோப்பு அழகாக இருக்கிறது என்கிறது, இன்னொன்று இன்று எங்கள் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்கிறது. அவன் காதில் எதுவும் ஏறவில்லை. சிரிப்பதற்காக வைத்த காட்சிதான், யாழினியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு பிள்ளையை நான் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் ஒன்று, மாதங்கள் கழிந்த பிறகு எந்த அன்பும் உள்ளே புக முடியாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. அதனால்தான் அந்த முதல் மாலையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

அகிலனிடம் முதலில் கேட்டவள் என் அக்கா. கூப் ஏன் தூங்கினான் என்று யாழினி கேட்ட கேள்வியை இரவு நான் அவளிடம் சொன்னேன். அவள் அதை மனத்தில் வைத்திருக்கிறாள். மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலை உணவு நேரத்தில் அவனிடம் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "தேர்வு நாள்களில் நீ எத்தனை மணிக்குத் தூங்கினாய்?" என்று கேட்டாளாம். அவன் வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தான். செப்டம்பர் கடைசியில் எங்கள் அம்மா மருத்துவமனையில் இருந்தார். இரவுகளில் அக்கா அங்கே தங்கினாள், அத்தான் இரவுப் பணியில் இருந்தார். அம்மாச்சிக்கு ஏதாவது ஆகிவிட்டதென்று அழைப்பு வந்தால் எடுக்க வேண்டுமே என்று, கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் விழித்திருந்திருக்கிறான். கணிதத் தேர்வுக்கு முதல் இரவும் அப்படித்தான். தாளில் ஒரே கணக்கை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்ததாகவும், எழுத்துகள் மனத்தில் நிற்கவில்லை என்றும் சொன்னான்.

யார்மேல் குற்றம் சொல்வது? யார்மேலும் இல்லை. அக்கா தன் தாயைக் கவனித்தாள், பையன் தன் பாட்டியை எண்ணிக் கவலைப்பட்டான். ஆனால் காரணம் வெளியே வந்த பிறகு அவன் முகம் மாறியது. தனக்குக் கணக்கு வராது என்று அந்த மூன்று நாள்களாக அவன் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த நம்பிக்கை வேர்விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று பிற்பகல் அவனே வட்டை மீண்டும் போட்டான். இந்த முறை படத்தைப் பார்க்காமல் கூடுதல் பகுதிக்குப் போனான். அதில் நீக்கப்பட்ட காட்சிகள் இருக்கின்றன, முழுப் படத்துக்கும் இயக்குநர் ஸ்டீபன் ஆண்டர்சன் பேசும் விளக்க உரையும் இருக்கிறது. உழைத்துச் செய்துவிட்டு வேண்டாம் என்று வெட்டிய காட்சிகளை, வெட்டியவர்களே எடுத்து வைத்து ஊருக்குக் காட்டுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! "இது நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் எடுத்துவிட்டார்கள்?" என்று கேட்டான். திரையரங்கில் இது கிடைக்காது. திரையரங்கு முடிந்த பொருளை மட்டுமே காட்டும்.

நான் அவனுக்குப் படத்தின் பின்கதையைச் சொன்னேன். 2006இல் டிஸ்னி நிறுவனம் பிக்சார் என்ற அனிமேஷன் நிறுவனத்தை வாங்கியபோது, பிக்சாரின் ஜான் லாசட்டர் இரண்டு அனிமேஷன் நிலையங்களுக்கும் பொறுப்பேற்றார். ஏறக்குறைய உருவாகிவிட்டிருந்த இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நிறைய மாற்றங்கள் சொன்னார். அடுத்த பத்து மாதங்களில் படத்தின் ஏறத்தாழ 60 விழுக்காடு தூக்கி எறியப்பட்டு மறுபடியும் செய்யப்பட்டது. வில்லனுக்கு வலுச் சேர்த்தார்கள், டைனோசர் துரத்தும் காட்சியைச் சேர்த்தார்கள், முடிவை மாற்றினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் 10 கோடி டாலரைத் தொடவில்லை. தோல்வியைக் கொண்டாடச் சொன்ன படம் வசூலில் தடுமாறியது. அதை இன்று ஈசூனில் ஒரு பையன் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆண்டர்சனும் லூயிஸைப் போல் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர். அதனால்தான் லூயிஸ் தன்னைப் பெற்ற தாயைத் தேடும் பகுதிகளில் பொய் இல்லை என்று நினைக்கிறேன்.

படத்தின் முடிவில் வால்ட் டிஸ்னியின் மேற்கோள் ஒன்று வருகிறது. வெகுநேரம் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறோம் என்பது அதன் பொருள். அந்த வாசகம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அவசரத்தோடு சொன்னால் அதுவும் ஒரு பரவாயில்லைதான். சொன்னவரின் வாழ்க்கையோ அதைவிட நிதானமான பாடம். அவர் கான்சஸ் நகரில் தொடங்கிய முதல் அனிமேஷன் நிறுவனம் 1923இல் திவாலானது. லாஸ் ஏஞ்சலிஸ் போனார். அங்கே அண்ணன் ராய் இருந்தார், அதே ஆண்டு இருவரும் சேர்ந்து புதிய நிறுவனம் தொடங்கினார்கள். 1928இல் ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரத்தின் உரிமை கைவிட்டுப் போனது, ஓவியர்களில் பலரும் போய்விட்டார்கள். அப் ஐவர்க்ஸ் என்ற நண்பர் கூடவே இருந்தார், அவர் கையில்தான் மிக்கி உருப்பெற்றது. அண்ணனும் நண்பரும் இல்லாமல் எந்த மனிதன் முன்னோக்கிப் போயிருப்பான்?

கூப்பின் கதையும் அப்படித்தான் தீர்க்கப்படுகிறது. லூயிஸ் காலத்தில் பின்னால் போய்த் திடலோரம் நின்று ஒரு குரல் கொடுக்கிறான். கூப் விழித்துக்கொள்கிறான், பந்தைப் பிடித்துவிடுகிறான். நமக்குக் கால இயந்திரம் இல்லை என்பதால் இந்தத் தீர்வு எளிதாகத் தோன்றலாம். எனக்குப் பிடித்தது வேறு: அந்தக் குரல் லூயிஸிடமிருந்து வருகிறது. அவனுடைய சத்தத்தால்தான் கூப் தூங்கவில்லை, எழுப்ப வேண்டிய கடமையும் அவனுடையதுதான்.

அகிலன் இப்போது உயர்நிலை ஒன்றில் இருக்கிறான். தமிழையும் ஆங்கிலத்தையும் மூன்று பாட நிலைகளில் மேலான ஜி3இல் படிக்கிறான், கணிதத்தை அதற்கு அடுத்த ஜி2இல். கணிதத்தை மேல்நிலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஆசிரியரிடம் அவனே போய்க் கேட்டிருக்கிறான், தேர்ச்சியைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றாராம்.

இந்த நவம்பரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்பிள்ளைக்கு முடிவு வரும். அவளுடைய அம்மாவும் நானும் இப்போதே பேசி வைத்துவிட்டோம். அன்று மாலை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் சமையல். கைப்பேசிகளை எட்டு மணி வரை யாரும் எடுப்பதில்லை. புள்ளி என்னவாக இருந்தாலும், முதலில் கேட்க வேண்டியது அந்த வாரங்கள் அவளுக்கு எப்படிப் போயின என்பதுதான். அவள் பேசப் பிரியப்படவில்லை என்றால் மறுநாள் கேட்போம், அதற்காக அவள் அம்மா ஒரு நாள் விடுப்பு எடுத்திருக்கிறார்.